ஜம்புலிங்கம் பிடுங்கிய ஃப்யூஸ்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் சரக்கின் தரம் பார்க்கும் க்யூ.சி. இன்சார்ஜாக இருக்கும் ஜம்புலிங்கம், ஒரு சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். உலக சமாதானத்தை உலகத் தலைவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தன் கார் சமாதானத்தைத் தானே பார்த்துக்கொள்வது. காரில் இருக்கும் ஸ்பீக்கர் அத்தனையும் இன்றோடு ஊமையாக வேண்டும். வாய் கொப்பளித்துத் துப்பினார். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்து, கம்பெனியில் நல்ல ஜோடி ஷூவுக்குத் தலையாட்டுவதுபோல ஒரு ஆட்டு ஆட்டினார். முடிவு பாஸ்.

காரணத்தைக் கேட்டால் நீங்களும் அவர் பக்கம்தான் நிற்பீர்கள்.

மகன் பரத்துக்கு வேலை கிடைத்தால் திருச்செந்தூர் வருகிறோம் என்று அவர் மனைவி தீபலட்சுமி வேண்டிக்கொண்டிருந்தாள். பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். வேண்டுதல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. கம்பெனிக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்ந்தாற்போல் லீவு விழுகிறது என்று தெரிந்ததும், அது எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"நம்ம கார்லயே போலாங்க. பின்னாடி சீட்டு சும்மாத்தான வருது? அக்கா, பூர்ணிமா, சௌந்தர்யா மூணு பேரையும் ஏத்திக்கலாம்."

ஜம்புலிங்கத்தின் கையில் இருந்த இட்லி சட்னிக்குள் குதித்துத் தற்கொலை செய்துகொண்டது.

தீபலட்சுமி பிறந்தது குடியாத்தத்தில். லுங்கி நெய்யும் குடும்பம். வீட்டின் முன்பாதியில் மனிதர்கள், பின்பாதியில் பவர்லூம். தொட்டில் குழந்தையாக இருந்தாலும் தறியை மிஞ்சி அழுதால்தான் பால் கிடைக்கும். அப்படி அழுது வளர்ந்த நான்கு பெண்கள். அவர்கள் காதோடு காதாக ரகசியம் பேசினால் தெருமுனையில் ஷேர் ஆட்டோ நிற்கும், கூப்பிட்டது யார் என்று பார்ப்பதற்கு.

மூத்தவள் அமிர்தவள்ளிக்குத் தவில் குரல். "சாப்ட்டீங்களா மாப்ள? இன்னா சாப்ட்டீங்க? கொழம்புல கத்திரிக்கா போட்டாளா? முருங்கக்கா? ரெண்டுமேவா?" என்று காய்கறி மார்க்கெட் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். பூர்ணிமாவுக்கு விஷயம் வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும். "அய்யோ, இன்னா ஆச்சு தெரியுமா... ஹிஹிஹி... அந்த எதுத்த வூட்டுக்காரரு... ஹிஹிஹி..." அந்த எதிர் வீட்டுக்காரருக்கு என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது. கடைக்குட்டி சௌந்தர்யாவுக்கு ஒரே வார்த்தைதான். "அப்புறம்?" பேச்சு களைத்துப் போய் எங்கே படுக்கப் பார்த்தாலும், அதை முதுகில் தட்டி எழுப்பிவிடுவாள்.

ஆம்பூரிலிருந்து திருச்செந்தூர் பத்து மணி நேரம். வாரம் முழுக்க கம்ப்ரஸர் சத்தம், சுத்தியல் சத்தம், தையல் மெஷின் சத்தம் என்று காதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மனிதர் ஜம்புலிங்கம். கார் வாங்கியதே அமைதிக்காகத்தான். கண்ணாடியை ஏற்றினால் உலகம் வெளியே நின்றுவிட வேண்டும். அதுதான் அவருடைய ஆயுட்கால லட்சியம்.

இடுப்பு வலி என்றார். டயர் தேய்ந்துவிட்டது என்றார். பின் சீட்டுக்குக் காற்று சரியாகப் போகாது, பெரியவர்களுக்கு ஆகாது என்றார். கடைசியில் இறங்கி வந்து ஒப்பந்தம் பேசினார்.

"அவங்க வர வேணாம் தீபா. அதுக்கு பதிலா நீ வழி பூரா ஃபோன்ல பேசிக்கோ. கார் ஸ்பீக்கர்லயே போட்டு பேசு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரிங்க."

இத்தனை சீக்கிரம் பாஸாகிற சரக்கில் எங்கோ ஓட்டை இருக்கும் என்று க்யூ.சி. மூளை ஒரு மணி அடித்தது. ஜம்புலிங்கம் கவனிக்கவில்லை. பிறகுதான் யோசித்தார். சகோதரிகள் பின் சீட்டில் உட்கார்ந்தால் வண்டி மேடு பள்ளத்தில் ஏறும்போதாவது வாயை மூடுவார்கள். ஃபோனில் வருகிறவர்களுக்கு மேடு ஏது, பள்ளம் ஏது? பத்து மணி நேரமும் சமதரை!

அதனால்தான் அந்தப் பல் துலக்கும் சபதம்.

வேலையும் சுலபம். தீபலட்சுமியின் ஃபோன் ஒருமுறை ரசச் சட்டியில் குளித்து எழுந்ததிலிருந்து அதற்குச் சொந்தத் தொண்டை கிடையாது. காரோடு சேர்த்தால்தான் சத்தம் வரும். காதில் மாட்டிக் கேட்கலாம் என்றால், அக்காள் குரலைக் காதுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஜம்புலிங்கத்திடம் இருப்பதோ பட்டன் ஃபோன். கேமரா ஃபோன் உள்ளே வரக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அந்த பட்டன் ஃபோனில் யார் பேசினாலும் எறும்பு இருமுவதுபோல இருக்கும்.

ஆக, காரின் வாயைக் கட்டினால் எல்லார் வாயும் கட்டினமாதிரி.

அந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரி நடத்தியவர். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயரை மாட்டி, அதை அப்படியே விட்டுப் போயிருந்தார். அதன் விலாவில் பச்சைக் கலரில் ஒரு ஃப்யூஸ். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் டிஸ்ப்ளே எரியும், பாட்டு ஓடும், ஃபோன் சேரும். சத்தம் மட்டும் வராது. சனிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைத் தேடுகிறவர்போல சீட்டுக்கு அடியில் கையை விட்டார். பிடுங்கினார். தன் நீலக் கம்பெனிக் கோட்டுப் பையில் போட்டார். கோட்டை ஆணியில் மாட்டினார். ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுநாள் ஞாயிறு. பயணத்துக்குச் சாமான் வாங்க இருவரும் வேலூர் லாங் பஜார் கிளம்பினார்கள். வண்டி மெயின் ரோடு ஏறியதும் தீபலட்சுமி ஃபோனைத் தட்டினாள். டிஸ்ப்ளேயில் அமிர்தவள்ளி பெயர் வந்தது. நொடிகள் ஓடின. சத்தம் இல்லை.

"ஆ! இன்னாது, சவுண்டே வரல!" என்று அலறினார் ஜம்புலிங்கம். கண்ணாடி முன்னால் நான்கு தடவை ஒத்திகை பார்த்த அலறல். பட்டனைத் திருகினார். டேஷ்போர்டைத் தட்டினார். சாவு வீட்டுக்குப் போன முகத்தோடு தலையை ஆட்டினார். "வயர எலி கடிச்சிருக்கும் தீபா."

"எலியா?"

"எலிதான். சந்தேகமே இல்ல."

"பாவம், இன்னா பசியோ." தீபலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பி வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "சவுண்டு இல்லன்னா போது வுடுங்க. எங்க தறிக்கூடத்துல எவ காதால கேட்டா? வாய பாத்துதான பேசுவோம்!"

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் இது அவருக்குப் புதுச் செய்தி. அவள் ஃபோனை டேஷ்போர்டு ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோ காலுக்கு மாற்றினாள். கட்டம் கட்டமாக மூன்று முகங்கள் வந்தன. ஆறு உதடுகள் சத்தமில்லாமல் அரைக்கத் தொடங்கின. தீபலட்சுமி கண்ணைச் சுருக்கி, உதடுகளைப் படித்து, "ம்ம்... ஆமாக்கா... போடி இவளே..." என்று பதில் சொன்னாள். அவ்வளவுதானா? பாதிச் சத்தம்தானே, லாபம்தான் என்று ஜம்புலிங்கம் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

"அய்யோ, உங்களுக்குத்தான் வாய் படிக்கத் தெரியாதே!" என்றாள் தீபலட்சுமி திடீரென்று, கருணை பொங்க. "ஒண்ணுமே தெரியாம உக்காந்திருக்கீங்களே. இருங்க, நான் சொல்றேன்."

"வேணாம் தீபா, எனக்கெதுக்கு..."

அவள் வாயிலிருந்தே தவில் முழங்கியது. "'மாப்ள, சாப்ட்டீங்களா? இன்னா சாப்ட்டீங்க?' இது அக்கா."

"தெரியுது."

"'ஹிஹிஹி... மாமா மூஞ்ச பாருங்க... ஹிஹிஹி...' இது பூர்ணிமா. 'அப்புறம்?' இது சௌந்தர்யா. நான் சொல்றேன், 'அப்புறம் ஒண்ணுமில்ல, வண்டில எலி பூந்துடுச்சு.' அக்கா சொல்றா, 'எலிக்கு கருவாடு வெச்சா வரும்.' 'அப்புறம்?' இது மறுபடியும் சௌந்தர்யா. ரோட்ட பாத்து ஓட்டுங்க."

முன்பு மூன்று பேர் பேசினார்கள். இப்போது மூன்று பேரும் பேசி, அதை நாலாவது ஆள் மூன்று குரலிலும் திருப்பிச் சொல்லி, நடுவில் விளக்க உரையும் தந்தாள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கினதும், அங்கே நின்றவர் குனிந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இவ்ளோ பேரு பேசற சத்தம் கேட்டுதே சார்?" என்றார். ஜம்புலிங்கம் அவரை உயிருள்ள ஒரே சாட்சியாகப் பார்த்துக் கண் கலங்கினார்.

டவர் கிடைக்காத இடத்தில் திரை நின்றது. அப்பாடா என்று அவர் மூச்சு விட்டார்.

"சௌந்தர்யா வாய தொறந்தபடி நின்னுட்டா. கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க, அவ மூடட்டும்."

லாங் பஜாரில் கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே நசுங்கி நின்றபோதுதான் ஜம்புலிங்கத்துக்கு அமைதி கிடைத்தது. சுற்றிலும் நூறு ஹாரன் அடித்தது. தாலாட்டுபோல் இருந்தது.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஃப்யூஸைத் திரும்ப மாட்டிவிடுவது என்று முடிவு செய்தார். நேரடி ஒலிபரப்பே மேல். மறு ஒலிபரப்பு தாங்காது. ஆணியைப் பார்த்தார். கோட்டைக் காணவில்லை. கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலேயே துவைத்துப் போட்டிருக்கிறாள்! ஓடிப்போய்ப் பையில் கையை விட்டார். ஃப்யூஸ் அங்கேயே இருந்தது, சோப்பு வாசனையோடு. நல்ல வேளை, அவள் பையைப் பார்க்கவே இல்லை.

சீட்டுக்கு அடியில் செருகினார். சுவிட்சைப் போட்டார்.

சத்தம் வரவில்லை.

பட்டனைத் திருகினார். வரவில்லை. டேஷ்போர்டைத் தட்டினார். காலையில் நடிப்புக்குச் செய்த எல்லாவற்றையும் இப்போது உண்மையாகவே செய்தார். வரவில்லை. ஃப்யூஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெயிலுக்கும் வேர்வைக்கும் பழுதாகாத, இருபது வருட க்யூ.சி. கண். பத்தடி தூரத்திலிருந்தே ஷூ தோலில் கொசு கடித்த இடத்தைச் சொல்லிவிடும். கீறல் இல்லை. சுருக்கம் இல்லை. கலர் ஒரே சீராக இருக்கிறது. ஓரம் பிசிறவில்லை. விரலால் தடவிப் பார்த்தார், வழவழவென்று இருந்தது. ஃப்யூஸ் முதல் தரம். பழுது வேறு எங்கோ.

திங்கட்கிழமை காலை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே தீபலட்சுமி கேட்டாள்.

"எலி வெச்ச வேலை சரியாச்சாங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாருங்க. நீங்கதான சத்தியம் பண்ணீங்க, வழி பூரா ஸ்பீக்கர்ல பேசிக்கோன்னு? பத்து மணி நேரம் வாய பாத்துக்கிட்டே வந்தா எனக்கு கண்ணு வலிக்கும். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சவுண்டு வர்ல, நான் இன்னா பண்றது? அவங்கள நேர்லயே ஏத்திக்க வேண்டிதான்."

"நேர்லயா?"

"பின்ன? குரலு வர்லன்னா ஆளு வரட்டும்."

ஜம்புலிங்கத்தின் கண்முன் பின் சீட்டு நிறைந்தது. தவிலும் சிரிப்பும் அப்புறமும் வரிசையாக உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டுக்கொண்டன.

அன்று சாயங்காலத்திலிருந்து அவர் காரை ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர்போல எடுத்துக்கொண்டார். கம்பெனியில் பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு தாள் கொண்டுவந்தார். சந்தேகமுள்ள ஒவ்வொரு வயரிலும் ஒரு அம்பு ஒட்டினார். கதவு அட்டையைக் கழற்றி ஸ்பீக்கரை முகர்ந்து பார்த்தார். ஒரு அம்பு. வயரை அவிழ்த்துத் துடைத்து மாட்டினார். இன்னொரு அம்பு. செவ்வாய்க்கிழமை இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. புதன்கிழமை பிரேக் மிதித்தால் உள்ளே லைட் எரிந்தது. காருக்கு அம்மை போட்டதுபோல எங்கு பார்த்தாலும் சிவப்பு. சத்தம் மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டு லியாகத் அலியைக் கூப்பிட்டார். பைபாஸில் கார் ஆடியோ கடை வைத்திருப்பவர், பழைய தோஸ்த். ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தாலே எந்த வருடத்து மாடல் என்று சொல்லிவிடுவார். அவர் வந்தார். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். ஒரு நொடி சிரிப்பை அடக்குவதுபோல முகம் கோணியது. பிறகு இருமினார்.

"பேஜாரு கேஸு ஜம்பு."

"இன்னா பாய் பழுது?"

"அது வந்து... சவுண்டு வர்ல."

"அது எனக்கும் தெரியும் பாய்!"

"கரெக்டா கண்டுபுடிச்சிட்ட பாரு. நீ ஆளு கெட்டி." லியாகத் அலி தன் வீட்டு ஜன்னலைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். அங்கே அவர் மனைவி ஜஹீருன்னிசா கைகட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "இதுக்கு மேல நான் கை வெச்சா சரிப்படாதுப்பா. எனக்கு வூட்ல... கடைல வேலை ஜாஸ்தி." செருப்பை ஒரு காலில் மாட்டியும் ஒரு கையில் பிடித்தும் ஓடியே போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்தது. ஜம்புலிங்கம் அரை நாள் லீவு போட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தார். எல்லாவற்றிலும் அம்பு ஒட்டியாகிவிட்டது. குற்றமே இல்லாத ஒரே சாமான் அந்தப் பச்சை ஃப்யூஸ்தான். நியாயமான மனிதர். பழுதுக்குச் சிவப்பு ஒட்டினால் நல்லதுக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாமா? ஃப்யூஸைக் கழற்றி, அதன் நெற்றியில் சின்னதாக ஒன்றை ஒட்டினார். நேராக ஒட்டியிருக்கிறதா என்று சாயங்கால வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

பச்சைக்குள்ளே வெளிச்சம் போனது. உள்ளே இரண்டு பக்கத்தையும் சேர்க்க வேண்டிய கம்பி நடுவில் அறுந்து, கருகி, மீசைபோல் சுருண்டிருந்தது.

எரிந்த ஃப்யூஸ்! தோலையே பார்த்துப் பழகிய கண் இத்தனை நாளும் அதன் தோலை மட்டும் பார்த்துப் பாஸ் போட்டிருக்கிறது. தலையில் இரண்டு அடி அடித்துக்கொண்டார். அடுத்த நிமிடம் ஸ்கூட்டரில் பறந்தார். பைபாஸில் ஏதோ ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது ஃப்யூஸ் வாங்கினார். திரும்பி வந்தார். சூரியன் இன்னும் மலைக்குப் போகவில்லை. கெடு முடியவில்லை. செருகினார். வால்யூமை முழுக்கத் திருகினார். கதவு நான்கும் திறந்திருந்தன. சுவிட்சைப் போட்டார்.

வீட்டுக்குள் தீபலட்சுமி வீடியோ காலில் இருந்தாள். அவளுடைய ஃபோன் கார் உயிர்பிடித்ததும் பழக்கதோஷத்தில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது.

"சாப்ட்டாராடி மாப்ள?" என்று கச்சேரிக்காரரின் ஸ்பீக்கர்களில் அமிர்தவள்ளி முழங்கினாள். தெருவில் ஒரு மாடு மிரண்டு ஓடியது. "இன்னா சாப்ட்டாரு? இன்னும் அந்த எரிஞ்சு போன ஃப்யூஸத்தான் தடவிக்கிட்டு கீறாரா?"

ஜம்புலிங்கம் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹிஹிஹி... ஜஹீரக்கா வூட்டு பழைய டப்பாவுல பொறுக்கி எடுத்ததாமே... ஹிஹிஹி... நம்ம தீபாக்கா துவைக்கும்போதே மாத்தி வெச்சிட்டா... ஹிஹிஹி... மாமா எலின்னாராம்... எலி..."

முதல் முறையாகப் பூர்ணிமா ஒரு விஷயத்தைக் கடைசிவரை சொல்லி முடித்தாள். தெரு முழுவதற்கும் சொன்னாள்.

"அப்புறம்?" என்றது பின் ஸ்பீக்கர்.

எதிர்வீட்டு மாடியில் சிரிப்பு. பக்கத்து வீட்டு ஜன்னலில் லியாகத் அலி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, 'நான் இன்னா பண்ணட்டும், எனக்கும் சோறு வேணுமே' என்று ஜாடை காட்டினார்.

ஜம்புலிங்கம் வீட்டுக்குள் பாய்ந்தார். ஏமாற்றப்பட்ட ஆண்மகனின் முழுக் கோபத்தோடு பாய்ந்தார்.

"தீபா! நல்ல ஃப்யூஸ எடுத்துட்டு எரிஞ்சத வெச்சியா நீ?"

"எந்த நல்ல ஃப்யூஸுங்க?"

"என் கோட்டு பைல இரு..." நாக்கு அங்கேயே பிரேக் பிடித்தது.

தீபலட்சுமி அமைதியாக எழுந்தாள். அரிசி டப்பா மூடிமேலிருந்து பழைய பச்சை ஃப்யூஸை எடுத்து, ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் சூடாக இரண்டு பஜ்ஜியும் வைத்து நீட்டினாள். "எலி கொண்டுபோய் உங்க கோட்டு பைல வெச்சிருந்துதுங்க. படிச்ச எலி போல. எந்த எலின்னு எங்க அக்கா தங்கச்சிய வுட்டா நான் யார்கிட்டயும் சொல்லலியே. சொல்லட்டுமா?"

ஜம்புலிங்கம் யோசித்தார். திருடியதைக் கேட்டால் பிடுங்கியதைச் சொல்ல வேண்டும். சொன்னால் சத்தியத்தை மீறியது தானே என்றாகிவிடும். கேட்காவிட்டால் பஜ்ஜி சூடாக இருக்கிறது.

"சரி, சவுண்டு வந்துடுச்சில்ல? கெடுவுக்குள்ள வந்துடுச்சு," என்றார், கடைசி ஆயுதத்தை எடுத்து. "சொன்ன சொல்லு சொல்லுதான? அவங்க வர வேணாம்."

"நானும் அதேதாங்க சொன்னேன். அவங்க மூணு பேரும் பைய கட்டி, மேட்சிங் சேலை எடுத்து, பரத்து கிட்ட கூட சொல்லிட்டாங்க. இப்ப வேணாம்னா எல்லாரும் காரணம் கேப்பாங்க. சொல்றேன். எலி கதைய முழுசா சொல்றேன். பரத்து, சகலைங்க, உங்க கம்பெனி சூப்பர்வைசரு சம்சாரம், எல்லாருக்கும்."

அவர் பஜ்ஜியைக் கடித்தார். மிளகாய் பஜ்ஜி.

வெள்ளிக்கிழமை விடியலில் குடியாத்தத்து முதல் பஸ் அவர்களை இறக்கிவிட்டது. மூவர் ஏறியதும் காரின் பின்பக்கம் உட்கார்ந்து கும்பிட்டது. வாணியம்பாடி வரை காலை டிபன் விசாரணை. திருப்பத்தூர் வரை எதிர் வீட்டுக்காரர். ஊத்தங்கரையில் எதிர் வீட்டுக்காரரின் மருமகள். எலி என்ற வார்த்தை சும்மா போகிற போக்கில் அடிக்கடி வந்தது. வயல் பார்த்தால் எலி, கோணிப்பை பார்த்தால் எலி. ஜம்புலிங்கம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், பூர்ணிமா டோல்கேட்காரரைப் போல நடித்துக் காட்டியபோது அவருக்கே சிரிப்பு வந்து, மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். அமிர்தவள்ளி கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதமும், சொன்னால் கூச்சம், பிரமாதம்.

சேலம் தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் கொய்யாப் பழக் கூடைகளைப் பார்த்ததும் நான்கு பெண்களும் "நிறுத்துங்க!" என்றார்கள். நிறுத்தினார். இறங்கினார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. பேரம் வெளியே தொடங்கியது.

ஜம்புலிங்கம் மெதுவாகக் கண்ணாடியை ஏற்றினார். உலகம் வெளியே நின்றது. சீட்டைச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

ஸ்டாண்டில் இருந்த தீபலட்சுமியின் ஃபோன் அடித்தது. நான்கு மூலையிலிருந்தும் அடித்தது. பூர்ணிமாவின் புருஷன் செந்தில்குமார்.

"சகல, நீங்களா? நல்லதா போச்சு. பக்கத்துல லேடீஸ் யாரும் இல்லியே?"

"இல்ல. கொய்யா வாங்கறாங்க. சொல்லுங்க, இன்னா விஷயம்?"

"விஷயம்லாம் ஒண்ணுமில்ல சகல. நாங்க மூணு சகலைங்களும் எங்க வூட்லதான் உக்காந்திருக்கோம். இன்னிக்கு கரண்ட் கட்டு, தறியும் ஓடல. இத கொஞ்சம் கேளுங்களேன்."

அவர் ஃபோனைத் தூக்கி நடுக்கூடத்தில் பிடித்திருக்க வேண்டும். ஜம்புலிங்கம் தன் கையால் வயர் துடைத்து மாட்டிய ஸ்பீக்கர்களில் அது துல்லியமாக வந்தது. இடது பக்கம் யாரோ பேப்பர் புரட்டினார்கள். வலது பக்கம் ஒரு டீ டம்ளரைத் தரையில் வைத்தார்கள். பின்னால், எங்கோ தூரத்தில், ஒரு காக்கை இரண்டு முறை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அவர் ஆயுள் முழுக்கத் தேடிய ஒன்றுமே இல்லை.

"கேட்டீங்களா சகல? காத்தாலர்ந்து இப்டிதான். வர்றதுக்கு அவசரமே இல்ல, நிதானமா சுத்திட்டே வாங்க!"